எரு இருக்கிறது, மண் எங்கே?

கேள்வி: ஐயா, 10 சென்ட் பசுமைக்குடிலில் நான்கு வருடமாகக் கார்னேஷன் பூ போடுகிறேன். வருடம் தவறாமல் கோழி எரு, அப்புறம் சொட்டுநீரோடு உரம். இப்போது பாத்தி ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, செடி தளர்ந்து நிற்கிறது. மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை 5.6, மின்கடத்தும் திறன் 2.8. அங்ககக் கரிமம் மட்டும் போன முறையைவிடக் கூடியிருக்கிறது. கரிமம் கூடியும் மண் ஏன் இப்படி? ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். ஒரு பிடி மண் அனுப்பியிருக்கிறேன். – வாசகி, கோத்தகிரி

பதில்: ஜிப்சம் வேண்டாம். மூட்டையை இறக்கிவிடுவீர்களோ என்றுதான் இதை முதலில் சொல்கிறேன். அது சோடியம் ஏறிய களர் நிலத்துக்கு மருந்து. உங்களுடையது உவர், அதாவது உப்பு ஏறிய மண். மின்கடத்தும் திறன் 2.8 என்பது அந்த உப்பைத்தான் காட்டுகிறது. அதில் இன்னொரு உப்பைக் கொட்டுவானேன்?

நீங்கள் அனுப்பிய மண்ணைக் கேத்தியில் என் வீட்டுத் திண்ணையில், பழைய செய்தித்தாளின் மேல் பரப்பினேன். உமி உமியாகவே இருந்தது. சரி, உமி லேசில் மக்காது. ஆனால் வைக்கோல் துணுக்கும் மஞ்சள் மாறாமல் கிடந்தது, நகத்தால் கிள்ளினால் நார் பிரிகிறது. முகர்ந்தேன், மண்வாசனையே இல்லை.

ஊறுகாய் ஏன் கெடுவதில்லை? அதே கதைதான். உப்பு ஏறிய மண்ணீர் நுண்ணுயிர்களின் உடம்பிலிருந்து நீரை இழுக்கிறது. பல செத்துப்போகும். பிழைத்தவை, தின்றதில் பெரும்பங்கை உடம்பில் நீரைப் பிடித்து வைக்கவே செலவழிக்கும். அப்புறம் எருவை யார் மக்க வைப்பது?

அட்டையில் கரிமம் கூடியதற்கு வருகிறேன். 30 வருடம் மண் ஆய்வுக்கூடத்தில் உரலும் சல்லடையுமாக இருந்தவன் நான். கரிமம் பார்க்க மண்ணை இடித்து, நைசாகச் சலித்து, டைகுரோமேட் என்ற ரசாயனமும் கந்தக அமிலமும் விடுவோம். கண்ணில் பட்ட வேரையும் தழையையும் பொறுக்கிவிடுவோம். தூளாய்க் கிடக்கும் எரு மண்ணோடு சேர்ந்து இடிபடும். அமிலத்துக்கு மக்கியதும் ஒன்றுதான், மக்காததும் ஒன்றுதான்; அதனால் உங்கள் மக்காத எருவும் கரிமமாகவே கணக்கில் ஏறிவிட்டது. உப்பிலுள்ள குளோரைடும் கணக்கைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், ஆனால் 12 பங்கு குளோரைடுக்கு ஒரு பங்கு கரிமம்தான். உங்கள் மண்ணில் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எருவைக் கொண்டுவந்து கொட்டுவதால்தான் உங்களுக்கு இந்த எண்ணாவது வருகிறது. திறந்தவெளி உவர் நிலத்தில் செடியே சரியாக வளராது. வேரும் சருகும் சேராத மண்ணில் கரிமம் ஏது?

நம் சோலைக்காட்டு மண் கறுப்பாக இருப்பதும் மெதுவாக மக்குவதால்தான் என்பீர்கள். உண்மை, அங்கே குளிரும் அமிலமும் வேகத்தைக் குறைக்கின்றன. ஆனால் அது மக்கி, களிமண்ணோடு ஒட்டிய கறுப்பு.

கறுப்பைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருச்சி மணிகண்டம் பக்கம் ஒரு வயலில் குட்டை நீர் காப்பி டிகாஷன் போல நின்றது, ஓரத்தில் கறுப்புப் படலம். 'நல்ல வளம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கூட வந்த பெரியவர் சிரித்துவிட்டார். மக்கிய பொருளைக் களிமண்ணோடு பிடித்து வைப்பது சுண்ணாம்புச்சத்து. களர் மண்ணில் அந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ள, மக்கிய பொருள் கரைந்து, நீரோடு மேலேறி, காய்ந்து படிகிறது. நான் வளம் என்று எழுதியது, மண்ணை விட்டுப் போய்க்கொண்டிருந்த வளத்தை.

உங்களுக்குத் தேவை தண்ணீர். குடிலுக்குள் மழை விழாததால் உரத்தின் உப்பும் கோழி எருவின் உப்பும் நான்கு வருடமாக இறங்க வழியில்லாமல் கிடக்கின்றன. ஓரடி ஆழ மண்ணில் அரையடி நீர் இறங்கினால் உப்பில் பாதி போகும், ஓரடி இறங்கினால் ஏறக்குறைய 80 சதவீதம். கோத்தகிரிக்கு ஐப்பசி மழை நன்றாகவே கிடைக்கும். பயிர் முடித்து, மேல் பாலித்தீனைச் சுருட்டிவிட்டு மழையை விடுங்கள். சரிவில் வடிகால் எடுக்கும்போது அது கீழ்வீட்டு ஊற்றுக்குப் போகாதபடி திருப்பிவிடுங்கள், சண்டை வரும்.

மின்கடத்தும் திறன் 1க்குக் கீழே வந்தபின் எரு போடலாம். கோழி எரு இல்லை, நன்றாக மக்கிய மாட்டெரு. மியூரியேட் பொட்டாஷ் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. போட்டால் சல்பேட் பொட்டாஷுக்கு மாறுங்கள். ஓர் உரம் மண்ணீரில் எவ்வளவு உப்பேற்றும் என்று காட்டும் உப்புக் குறியீட்டில் முன்னது 116, பின்னது 46. விலை கூடத்தான். கார்த்திகை முடிந்ததும் இன்னொரு பிடி மண் அனுப்புங்கள்.