ஈறு வெளிர்வது நல்லதா?

கேள்வி: பற்களைச் சுத்தம் செய்துகொண்ட இரண்டு வாரத்தில், கருஞ்சிவப்பாக இருந்த என் ஈறு வெளிர்ந்துவிட்டது. இரத்த ஓட்டம் குறைந்துவிட்டதா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: குறைந்திருக்கும், அது நலம் திரும்புவதன் அடையாளம். ஈறு சிவந்து வீங்கும் அழற்சியின்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் மிகுதியாகப் பாய்ந்தாலும், வீங்கிய திசுவில் அது தேங்குவதாலும், வெள்ளணுக்கள் ஆக்சிஜனை விரைந்து செலவழிப்பதாலும், அங்கே ஆக்சிஜன் செறிவு தாழ்ந்துவிடுகிறது. நீலம் கலந்த அந்தச் சிவப்பு அதனால்தான். பல்லில் படியும் கிருமிப் படிவான பற்படலம் நீங்கினால் ஓட்டம் இயல்புக்கு இறங்க, ஆக்சிஜன் ஏறுகிறது. 1965-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், பல் துலக்குவதை நிறுத்தியவர்களுக்கு 10 முதல் 21 நாளில் வந்த அழற்சி, மீண்டும் துலக்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணிந்தது. நம்மில் பலருக்கு ஈறு இயல்பிலேயே கருமை படிந்தது என்பதால், அழற்சியை அறிய நிறத்தைவிட இரத்தக்கசிவை நம்பலாம். பீடி பிடிப்பவருக்கு அதுவும் பொருந்தாது, புகை கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.