எக்ஸ்-ரேயைப் பார்த்து ஏ.ஐ. சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

பட்டுக்கோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பாவுக்கு வயது 76. 2004-இல் பேஸ்மேக்கர் வைத்தார்கள். 2014-இல் பேட்டரி தீர்ந்ததென்று பெட்டியை மாற்றினார்கள். அந்த மருத்துவமனை இப்போது இல்லை. அட்டை, ஃபைல் எல்லாம் கஜா புயலில் கூரையோடு போய்விட்டது. இப்போது இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள். என்ன கம்பெனி, என்ன மாடல் என்று தெரியாமல் எடுக்க மாட்டோம் என்கிறது ஸ்கேன் சென்டர். அங்கே அறிமுகமான ஒருவர், எக்ஸ்-ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏ.ஐ. மூலம் மாடலைக் கண்டுபிடித்து ரிப்போர்ட் தருகிறேன், 4,000 ரூபாய் ஆகும் என்கிறார். ஒத்துவராத மாடலாக இருந்தால் 'எம்.ஆர்.ஐ. பேஸ்மேக்கர்' ஆக மாற்றவும் தானே ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். நம்பலாமா?"

ஏ.ஐ.யை ஓரளவுக்கு நம்பலாம். அந்த ஆளை நம்ப வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. என்பது பலமான காந்தத்தை வைத்து எடுக்கும் ஸ்கேன். அது பேஸ்மேக்கரைப் பாதிக்கலாம் என்பதால்தான் சென்டர் மாடலைக் கேட்கிறது. முதலில் ஏ.ஐ. விஷயம். நெஞ்சு எக்ஸ்-ரேயில் பேஸ்மேக்கர் பெட்டி பளிச்சென்று தெரியும். உள்ளே இருக்கும் பேட்டரியின் வடிவம், சர்க்யூட் அமைப்பு, ஒயர் வந்து சேரும் தலைப்பகுதி எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதைப் பார்த்துக் கம்பெனியை ஊகிப்பது எங்களைப் போன்ற இதய மருத்துவர்களுக்குப் பழக்கம்தான், ஆனால் பெருமைப்படும்படி இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 5 கம்பெனிகளின் 45 வகைக் கருவிகளை 1,676 எக்ஸ்-ரே படங்கள் மூலம் கம்ப்யூட்டருக்குப் பழக்கிச் சோதித்தார்கள். சோதனைக்கு ஒதுக்கிய 225 படங்களில் 224-இல் அது கம்பெனியைச் சரியாகச் சொன்னது. அதே படங்களைப் பார்த்த இதய மருத்துவர்கள் ஐந்து பேரில் நடுவில் நின்றவரின் மதிப்பெண் 72 சதவீதம். அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நானும் அந்தக் கூட்டம்தான். இன்னொன்று, அந்தக் குழு தாங்கள் உருவாக்கியதை யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கும்படி இணையத்தில் இலவசமாகவே வைத்தது. உங்களிடம் 4,000 ரூபாய் எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசியுங்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு 45 விடைகள்தான் தெரியும். 46-ஆவது கருவியைக் காட்டினாலும், தெரிந்த 45-இல் எது பக்கத்தில் வருகிறதோ அதன் பெயரைச் சொல்லும். அது லண்டன் நோயாளிகளின் படங்களில் பழகியது. மத்தியப் பிரதேசம் பிதம்பூரில் ஸ்ரீ பேஸ்ட்ரானிக்ஸ் என்ற நம் நாட்டுக் கம்பெனியும் பேஸ்மேக்கர் தயாரிக்கிறது. அது அந்த ஐந்தில் இல்லை. உங்கள் அப்பா நெஞ்சில் இருப்பது அதுவாக இருந்தால், ஏ.ஐ. கூசாமல் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரைச் சொல்லிவிடும். வாட்ஸ்அப் படம் இன்னும் மோசம். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்து எடுத்த படத்தில் ட்யூப்லைட் பிரதிபலிப்பும் விரல் நிழலும்தான் தெரியும், பெட்டிக்குள் இருப்பது தெரியாது.

அதனால் எக்ஸ்-ரே எடுத்த இடத்தில் டிஜிட்டல் படத்தை சி.டி.யில் கேட்டு வாங்குங்கள். அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் ஏ.ஐ.யே தேவைப்படாமல் போகலாம். பல கம்பெனிகள் பெட்டிக்குள் எக்ஸ்-ரேயில் தெரியும்படி ஒரு குறியீடு வைத்திருக்கின்றன. பி.எஸ்.சி. என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் தெரிந்தால் பாஸ்டன் சயின்டிஃபிக். எஸ்.ஜே.எம். என்றிருந்தால் செயின்ட் ஜூட், இப்போது அபாட் கைக்குப் போய்விட்டது. பெட்டி சாய்ந்திருந்தால் எழுத்து தெரியாது, சற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுக்கச் சொல்லலாம்.

சரி, கம்பெனி தெரிந்துவிட்டது. அதனால் என்ன பயன்? எந்தக் கம்பெனியின் புரோகிராமரை வரவழைக்க வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான். புரோகிராமர் என்பது பெட்டியோடு தோலுக்கு வெளியிலிருந்தே பேசும் கருவி. மாடல், சீரியல் எண், பேட்டரி நிலை, ஒயர்களின் நிலை எல்லாவற்றையும் சில நிமிடங்களில் சொல்லிவிடும். ஆனால் ஒரு கம்பெனியின் புரோகிராமர் இன்னொரு கம்பெனியின் பெட்டியோடு பேசாது. செல்போன் சார்ஜர் எல்லாம் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் சட்டமே போட்டு 2024 டிசம்பரில் அமலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். மனிதனின் இதயத்தைத் துடிக்க வைக்கும் கருவிக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. இங்கே சிம் கார்டு வாங்க ஆதார் கேட்கிறோம். நெஞ்சுக்குள் வைத்த கருவியின் எண்ணை எந்த ஊர் மருத்துவரும் உடனே பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பதிவேடு மட்டும் நம்மிடம் கிடையாது. அது இருந்திருந்தால் இந்த ஏ.ஐ.க்கே வேலை இருந்திருக்காது. ஒரு துண்டு அட்டையை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது. அட்டை புயலில் போனால் துப்பறிய வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2014-இல் "பெட்டியை மாற்றினார்கள்" என்கிறீர்கள். அப்படியானால் ஒயர்கள் பெரும்பாலும் 2004-ஐச் சேர்ந்தவையாகத்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றது என்ற தகுதி பெட்டிக்கு மட்டும் தருவதில்லை. இந்தப் பெட்டியோடு இந்த ஒயர், இத்தனை டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) என்று சேர்த்துத்தான் தருவார்கள். நான் சொன்ன லண்டன் ஆய்வில் பெட்டி இருக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத்தான் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். ஒயரை அது பார்க்கவே இல்லை. 4,000 ரூபாய் ரிப்போர்ட் முழுக்கச் சரியாக இருந்தாலும் உங்கள் கேள்வியில் பாதிக்குத்தான் விடை.

2004 ஒயர் என்றால் எம்.ஆர்.ஐ. கிடையவே கிடையாதா? அப்படியும் இல்லை. எம்.ஆர்.ஐ.க்கு என்றே தயாரித்த பேஸ்மேக்கர்கள் பரவலானது 2010-க்குப் பிறகுதான். ஆனால் அதற்கு முன்பே விற்பனையில் இருந்த சில ஒயர்களைப் பின்னாளில் சோதித்து, குறிப்பிட்ட பெட்டிகளோடு சேர்ந்தால் பரவாயில்லை என்று அனுமதி கொடுத்தார்கள். மெட்ரானிக்கின் 5076 என்ற ஒயர் அப்படிப்பட்டது, நிறையப் பேருக்குப் போட்ட ஒயர். உங்கள் அப்பாவுக்கு அதுவும் இருக்கலாம். ஒயரின் மாடலை, பேஸ்மேக்கர் வைத்த மருத்துவர் அன்றைக்குக் கையால் பதிவு செய்திருந்தால்தான் புரோகிராமர் காட்டும், அவசரத்தில் பலர் செய்வதில்லை. அப்போது பழைய காகிதம்தான் கதி. 2014 சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ வேறு காப்பீட்டிலோ செய்திருந்தால், க்ளெய்ம் காகிதத்தில் கருவியின் மாடல் எண் உள்ள ஸ்டிக்கரின் நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனியின் இந்திய அலுவலகத்திலும் பெயர், மருத்துவமனை, மாதம் சொல்லிக் கேட்கலாம். இரண்டு வருஷத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள், 2004-இல் ஒரு கம்பெனி, 2014-இல் வேறு கம்பெனி என்று இருப்பது சகஜம்.

எக்ஸ்-ரேயிலும் ஒயர்களை ஒருமுறை மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும். சில சமயம் பெட்டி மாற்றும்போது ஒரு ஒயர் பழுது என்று புதியதைப் போட்டுவிட்டு, பழையதை உள்ளேயே விட்டிருப்பார்கள். அதன் முனை பெட்டியில் சேராமல் தனியாக நிற்கும். அப்படி ஒன்று இருந்தால் சாதாரண ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. பேச்சை எடுக்கவே வேண்டாம்.

இப்போது அந்த "மாற்றிக் கொடுக்கிறேன்" ஆசாமி. பழைய ஒயரை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றி, எம்.ஆர்.ஐ. பேஸ்மேக்கர் என்று பில் போடுவார்கள். பெட்டிக்கு லட்சக் கணக்கில் செலவு, நடுவில் இருப்பவருக்குக் கமிஷன், நோயாளிக்கு ஒரு அறுவை. ஸ்கேன் விஷயத்தில் மட்டும் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். முதுகு ஸ்கேனுக்காக யாராவது பேஸ்மேக்கர் மாற்றச் சொன்னால், பழைய ஒயர் இந்தப் புதுப் பெட்டியோடு சேர்த்து அனுமதி பெற்றதா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு போன் வருவது நின்றுவிடும். இன்னொரு பொறி, "உங்கள் பொறுப்பில் எடுக்கிறோம்" என்று கையெழுத்து வாங்கும் சென்டர். அதற்கும் அசையாதீர்கள்.

ஒயரின் மாடல் கடைசிவரை தெரியாமல் போனாலும் வழி அடைபட்டுவிடாது. அமெரிக்காவில் 1,500 ஸ்கேன்களை வைத்து 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. எம்.ஆர்.ஐ. தகுதி இல்லாத கருவி வைத்தவர்களுக்கு, நெஞ்சைத் தவிர்த்த பகுதிகளில், 1.5 டெஸ்லாவில் எடுத்தார்கள். ஸ்கேன் நேரத்தில் யாரும் இறக்கவில்லை, ஒயரும் பழுதாகவில்லை. முன்கூட்டியே கருவியைச் சோதித்து, செட்டிங்கை மாற்றி, இதய மருத்துவக் குழு கண்காணித்து எடுத்தது அது. இதற்குப் பேஸ்மேக்கர் கிளினிக்கும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே வளாகத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். சி.டி. ஸ்கேனிலேயே முடிகிற விஷயமா என்று முதுகு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பல நேரம் முடியும்.

எப்படியும் பேஸ்மேக்கர் கிளினிக்குக்குப் போயாக வேண்டும். 2014 பெட்டிக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பேட்டரி முடியும் தறுவாயில் இருக்கலாம். அப்படி என்றால் பெட்டி மாற்றுவது நியாயமான செலவு, எதை வைப்பது என்பதை ஒயர் விவரம் தெரிந்த பிறகு முடிவு செய்யலாம். எக்ஸ்-ரே இருக்கும் சி.டி., கிடைத்த காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஏ.ஐ. சொன்னதையும் வேண்டுமானால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், முதலில் எந்த புரோகிராமரை எடுப்பது என்று பார்ப்பவருக்கு உதவும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று முடிவானால், ஸ்கேனுக்கு முன் பெட்டியை ஸ்கேனுக்கு ஏற்ற செட்டிங்குக்கு மாற்றுவார்கள். முடிந்ததும் பழைய செட்டிங்குக்குக் கொண்டுவந்து, ஒயர்களை மறுபடி சோதித்து, ஒரு பிரிண்ட் எடுத்து உங்கள் கையில் தர வேண்டும். அது கைக்கு வரும்வரை அப்பாவை அங்கிருந்து கிளப்பாதீர்கள். வந்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.