ஜன்னல் வலையில் கறுப்பு, கட்டிலுக்கடியில் பஞ்சு: வீட்டுத் தூசி கேள்வி-பதில்

மெயின் ரோட்டை ஒட்டி, முதல் மாடியில் குடியிருக்கிறோம். காலையில் துடைத்த கொசுவலை இரண்டே நாளில் கறுத்துவிடுகிறது. எல்லாம் வண்டிப் புகைதானா?

புகைக்கரி ஒரு பங்கு. மீதி, சாலையில் தேய்ந்து உதிர்ந்த டயர் தூள், பிரேக் தேயும்போது கிளம்பும் இரும்பு, செம்புத் துகள்கள், புழுதி. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தாளில் சுற்றி அந்தத் தூசிமேல் ஓட்டிப் பாருங்கள். கறுப்பாக மீசை முளைக்கும். (மண்ணிலும் இரும்புத் தாது உண்டு. ஒட்டியதெல்லாம் பிரேக் தூள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.)

டயரில் மரத்துப் பால் மட்டும் இல்லை, பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை ரப்பரும் கலந்திருக்கிறது. அதனால் டயர் தூளும் மைக்ரோபிளாஸ்டிக் (பொடிப்பொடியான பிளாஸ்டிக் துகள்) கணக்கில்தான் வரும். டயர் வெடிப்பு விடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம் ஓசோன் பட்டு வேறொரு நச்சாக மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்ததற்கு மழைநீரோடு வந்த இந்த நச்சுதான் காரணம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் வீடு தெருவின் உள்ளே. பிளாஸ்டிக் சாமான்களையும் குறைத்துவிட்டோம். எங்களுக்குமா மைக்ரோபிளாஸ்டிக்?

நைட்டி, திரைச்சீலை, மிதியடி எல்லாம் என்ன துணி? கட்டிலுக்கடியில் உருளும் பஞ்சில் பாலியெஸ்டர் இழைகள் நிறையவே இருக்கும். துணியிலிருந்து ஒரு நூலை உருவி, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தியானால் தாள் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டரானால் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும்.

மின்சார ஸ்கூட்டருக்கு மாறினால்?

புகை போகும், டயர் தேய்மானம் போகாது.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

முதலில் கொசுவர்த்திச் சுருளை நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் கிளம்புவதாக 2003இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சுருளையும் கொளுத்தி, பியூரிஃபையரையும் ஓடவிட்ட ஒரு வீட்டை நானே பார்த்திருக்கிறேன்! மணி பிளான்ட் வைத்துத் தூசியை ஒழிக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள்.

பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். தினமும் இரண்டு வேளை பெருக்குகிறேன். போதுமா?

பெருக்குவதில்தான் சிக்கல். துடைப்பம் நுண்தூசியை மேலே கிளப்பிவிடும். அது திரும்பப் படிய மணிக்கணக்காகும். ஒரு வேளை போதும், ஈரத்துணியால் துடையுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். தவழும் பிள்ளை கையை வாயில் வைக்காமலா இருக்கும்? அதனால் அவள் கையையும் கழுவிவிடுங்கள்.

நாற்பது வருஷத்துப் பழைய வீடு, மெயின் ரோடு. பரணைச் சுத்தம் செய்யப் போகிறோம்.

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000இல்தான் நின்றது. ஈயம் மக்கிப் போகாது; அந்தக் காலத்துத் தூசி பரணில் அப்படியே கிடக்கலாம். குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து, வழித்தெடுங்கள். அள்ளியதை மாடியிலிருந்து தெருவில் உதறாதீர்கள், பையில் கட்டிப் போடுங்கள்.