கண்ணாடி பில்லில் எதைக் குறைக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு கண்ணிலும் மைனஸ் 4. பி.டி. (இரு கருவிழிகளுக்கும் இடையே உள்ள தூரம்) 62. ஃபிரேம் 2,200, ஹை இண்டெக்ஸ் 1.67 லென்ஸ் (இந்த எண் ஏற ஏற லென்ஸ் மெலியும்) 5,400, ப்ளூ கட் (நீல ஒளியைத் தடுப்பது) 900 என்று மொத்தம் 8,500 ரூபாய் சொல்கிறார்கள். சாதாரண லென்ஸ் போட்டால் சோடாபுட்டிக் கண்ணாடி ஆகிவிடும் என்கிறார்கள். ஃபிரேமின் உள்பக்கம் 52-18-140 என்று இருக்கிறது. எதைக் குறைக்கலாம்? (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் ஃபிரேமை மாற்றுங்கள். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்கின் மேல் உட்காரும் பாலம், 140 காதுக்குப் போகும் கம்பி. எல்லாம் மில்லிமீட்டர். 52-ஐயும் 18-ஐயும் கூட்டினால் 70. உங்கள் இரு கருவிழிகளுக்கும் இடையே 62தான். அதனால் ஒவ்வொரு லென்ஸிலும் பவரின் மையத்தை மூக்குப் பக்கம் 4 மி.மீ. நகர்த்தி வெட்ட வேண்டியிருக்கும். காதுப் பக்க விளிம்பு மையத்திலிருந்து 30 மி.மீ. தள்ளிப் போய்விடும். மைனஸ் லென்ஸின் தடிமன் அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. சோடாபுட்டி உருவாவது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஃபிரேமில் சாதாரண 1.50 லென்ஸ் போட்டால், விளிம்பு நடுவைவிட 3.6 மி.மீ. தடித்திருக்கும். அதிலேயே 1.67 போட்டால் 2.7. அதே சாதாரண லென்ஸை 48-16 அளவு ஃபிரேமில் போட்டால் 2.5! 1.67-இல் லென்ஸின் நடுவையும் அரை மில்லிமீட்டர் போல மெலிதாக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அந்த அரை மில்லிமீட்டருக்கு இத்தனை ரூபாய் தேவையில்லை. சிறிய ஃபிரேமில் 1.60 போட்டால் வித்தியாசம் 2.1 மி.மீ.க்கு இறங்கிவிடும். மைனஸ் 4-க்கு அது தாராளம். 1.67-ஐ மைனஸ் 6-க்கு மேல் யோசிக்கலாம். அதற்கு இன்னொரு குறையும் உண்டு: வண்ணங்களைப் பிரித்துக் காட்டும் தன்மை அதிகம். ஓரமாகப் பார்க்கும்போது விளக்குகளைச் சுற்றி நிறக்கோடு தெரியும். சாதாரண லென்ஸில் அது மிகக் குறைவு.

ப்ளூ கட்டை விட்டுவிடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு, கணினி பார்ப்பதால் வரும் கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. பணம் கொடுக்கத் தகுந்தது ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங். இரவில் எதிர் வண்டியின் விளக்கு லென்ஸில் பட்டுச் சிதறுவதைக் குறைக்கும். சில கடைகளில் ப்ளூ கட்டோடு சேர்த்தே அதை விற்கிறார்கள்; தனியாக எவ்வளவு என்று கேளுங்கள்.

பில்லில் ஜி.எஸ்.டி.யையும் பாருங்கள். பவர் லென்ஸுக்கும் ஃபிரேமுக்கும் 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

கேள்வி: வயது 46. பள்ளி ஆசிரியை. தூரத்துக்கு மைனஸ் 1.50, ஆட் (கிட்டத்தில் படிக்கக் கூடுதலாகத் தேவைப்படும் பவர்) பிளஸ் 1.50. ப்ரோக்ரெசிவ் (தூரம், நடுத்தூரம், கிட்டம் மூன்றுக்கும் கோடில்லாத ஒரே லென்ஸ்) கட்டாயம் என்கிறார்கள். வேறு வழி இல்லையா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: இருக்கிறது. தூரப் பவரோடு ஆட்டைக் கூட்டினால் வருவதுதான் படிக்கும் பவர். உங்களுக்கு அது பூஜ்யம். சிலிண்டர் பவர் (சிதறல் பார்வையைச் சரிசெய்யும் பவர்) இல்லையென்றால், வீட்டில் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டாலே போதும்.

வகுப்பறையில் நோட்டையும் கடைசி பெஞ்சையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும் என்பதால் கழற்றி மாட்டுவது சரிவராது. அங்கே டி-பைஃபோகல் (மேலே தூரத்துக்கும், கீழே D வடிவப் பகுதியில் படிக்கவும் பவர் உள்ள லென்ஸ்) நன்றாகவே உதவும். கோடு தெரியும், அவ்வளவுதான். படிக்கும் பகுதி அகலமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. கணினியில் நீண்ட நேரம் வேலை இருந்தால் மட்டும் ப்ரோக்ரெசிவ் பக்கம் போங்கள்.

போவதானால், கருவிழியின் நடுவிலிருந்து ஃபிரேமின் அடி விளிம்புவரை குறைந்தது 18 மி.மீ. இருக்க வேண்டும். குறுகலான ஃபிரேமில் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். தேர்ந்தெடுத்த ஃபிரேமை முகத்தில் சரியாக உட்கார வைத்து, நீங்கள் நேராகப் பார்க்கும்போதுதான் கருவிழியின் நடுவைக் குறிக்க லென்ஸில் புள்ளி வைக்க வேண்டும். தலைசுற்றுகிறது, படிக்கத் தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறது என்ற புகார்களில் பல, இந்தப் புள்ளி இடம் மாறியதால் வருபவை. இரண்டு வாரத்தில் பழகாவிட்டால் லென்ஸை மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பழைய ஃபிரேமில் புது லென்ஸ் போடலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: மெட்டல் ஃபிரேம் என்றால் பெரும்பாலும் போடலாம். மூக்கு பேடும் ஸ்குரூவும் மாற்றச் செலவு சொற்பம். வெளுத்து, மொறுமொறுப்பாகிவிட்ட பிளாஸ்டிக் ஃபிரேம் லென்ஸை அழுத்தும்போதே உடையும். உடைந்தால் யார் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. என் சீட்டில் பி.டி. எழுதவில்லை. நானே அளக்கலாமா? (ஓசூர் வாசகர்)

பதில்: ஒரே பவர் லென்ஸ் என்றால் அளக்கலாம். நண்பரை எதிரில் 40 செ.மீ. தூரத்தில், கண்ணுக்குக் கண் ஒரே உயரத்தில் உட்கார வையுங்கள். அவர் மி.மீ. ஸ்கேலை உங்கள் புருவத்துக்குக் கீழே, மூக்கின் மேல் பிடித்து, தன் வலது கண்ணை மூட வேண்டும். திறந்திருக்கும் அவருடைய இடது கண்ணை நீங்கள் பாருங்கள். பூஜ்யம் உங்கள் வலது கருவிழியின் நடுவில் வரட்டும். பிறகு ஸ்கேலையும் தலையையும் அசைக்காமல், அவர் இடது கண்ணை மூடி வலதைத் திறக்க, நீங்கள் அதைப் பாருங்கள். உங்கள் இடது கருவிழி நடுவில் வரும் எண்தான் பி.டி. மூன்று முறை அளந்து, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பவர் ஒன்றுக்குள் இருந்தால் 2 மி.மீ. பிசகு பெரிதாகத் தெரியாது. மைனஸ் 5, 6 என்றால் அதே பிசகு கண்ணை இழுத்துத் தலைவலி கொடுக்கும். அந்தப் பவருக்குக் கடையில் கருவியில் அளந்துகொள்வது நல்லது. ப்ரோக்ரெசிவை ஆன்லைனில் வாங்காதீர்கள். ஃபிரேம் உங்கள் முகத்தில் இல்லாமல், கருவிழியிலிருந்து அடி விளிம்புவரை உள்ள உயரத்தைச் சரியாக அளக்க முடியாது.

கேள்வி: மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. புதிதாக மைனஸ் 1.25. கண்ணாடிக்கு என்ன செய்யலாம்? (செய்யாறு வாசகி)

பதில்: அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி உண்டு. தலைமை ஆசிரியரிடமோ அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலோ கேளுங்கள். வெளியில் வாங்கினால் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் போடுங்கள். வளரும் வயதில் பவர் ஏறிக்கொண்டே போகலாம் என்பதால் விலை உயர்ந்த ஃபிரேம் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பவரைப் பரிசோதியுங்கள்.