வேக்ஃபீல்ட் என்ன போர் செய்தது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் வீழ்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பிரிட்டனின் 18ஆவது டிவிஷனை வேக்ஃபீல்ட் முதலிய அமெரிக்கக் கப்பல்கள் கொண்டுவந்து இறக்கின என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்தப் படை கிளம்பியபோது அமெரிக்கா போரிலேயே இல்லையே, எப்படி ஏற்றினார்கள்? இன்னொன்று. அந்தக் கப்பல் எங்கும் ஒரு கடற்போரில் ஈடுபட்டதாகத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோய் ஜப்பானியர் கையில் கொடுத்ததுதான் மிச்சம். இதைப் போர்ச்சேவை என்று சொல்வது கொஞ்சம் அதிகம் இல்லையா?

கே.ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள கே.ஆர்.,

முதல் கேள்விக்குப் பதில் எளிது. 1941 செப்டம்பரில் சர்ச்சில் ரூஸ்வெல்ட்டிடம் கப்பல் கேட்டார். பிரிட்டனிடம் ஆள் இருந்தது, ஏற்றிச்செல்லக் கப்பல் போதவில்லை. ரூஸ்வெல்ட் தன் கடற்படையின் துருப்புக் கப்பல்களை மாலுமிகளோடு சேர்த்துக் கொடுத்தார். அமெரிக்கா அப்போது காகிதத்தில்தான் நடுநிலை நாடு. அட்லாண்டிக்கில் அதன் நாசகாரிக் கப்பல்கள் ஏற்கெனவே ஜெர்மன் நீர்மூழ்கிகளோடு மோதிக்கொண்டிருந்தன. அக்டோபர் கடைசியில் ரூபன் ஜேம்ஸ் என்ற நாசகாரி மூழ்கடிக்கவும்பட்டது.

பிரிட்டிஷ் வீரர்கள் தங்கள் நாட்டுக் கப்பல்களில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் வரை வந்து, அங்கே அமெரிக்கக் கப்பல்களுக்கு மாறினார்கள். நவம்பர் 10 அன்று கான்வாய், அதாவது காவலோடு சேர்ந்து செல்லும் கப்பல் கூட்டம், கிளம்பியது. துருப்புக் கப்பல்கள் ஆறு. காவலுக்கு ரேஞ்சர் என்ற விமானந்தாங்கி, இரண்டு குரூசர்கள், நாசகாரிகள். டிரினிடாட் வழியாகத் தெற்கே இறங்கி கேப் டவுனை அடைந்தது டிசம்பர் 9ஆம் தேதி. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நடுநிலை நாட்டின் கப்பலில் ஏறியவர்கள் நேச நாட்டின் கப்பலில் வந்து சேர்ந்தார்கள்.

வேக்ஃபீல்ட் பிறவியிலேயே கடற்படைக் கப்பல் அல்ல. அதன் முதல் பெயர் மான்ஹாட்டன். அட்லாண்டிக்கைக் கடக்கும் சொகுசுப் பயணிக் கப்பல். 1936இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் உள்ளிட்ட அமெரிக்க ஒலிம்பிக் அணி பெர்லின் ஒலிம்பிக்குக்காக ஐரோப்பா போனது இதில்தான். (வழியில் ஷாம்பெயின் குடித்த குற்றத்துக்காக எலனோர் ஹோம் என்ற நீச்சல் வீராங்கனையை அணியிலிருந்தே நீக்கினார்கள். அது வேறு கதை.) 1941 ஜூனில் கடற்படை இதை எடுத்துக்கொண்டது. பெயரை மாற்றி, உள்ளலங்காரங்களைப் பிடுங்கி, கடலோரக் காவல் படையின் ஆட்களை மாலுமிகளாகப் போட்டது. ஆயிரத்துச் சொச்சம் பயணிகளுக்காகக் கட்டிய கப்பலில் இப்போது ஆறாயிரம் பேர். இந்த மாதிரிக் கப்பல்களில் படுக்கை என்றால் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான்தான், ஒன்றன்மேல் ஒன்றாக. கீழே படுத்திருப்பவனுக்கு வானம் என்பது மேலே இருப்பவனின் முதுகு. காலைச் சாப்பாட்டு வரிசை முடிவதற்குள் அடுத்த வேளைக்கான வரிசை தொடங்கிவிடும். இரவில் மேல்தளத்தில் ஒரு சிகரெட் பற்றவைக்க முடியாது, அந்தப் பொட்டு வெளிச்சம் நீர்மூழ்கிக்குப் போதும்.

சரி, இரண்டாவது கேள்வி. ‘ஜப்பானியர் கையில் கொடுத்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுத்தது கப்பல் அல்ல என்பதுதான் என் பதில்.

அந்த டிவிஷன் மத்தியக் கிழக்குக்காகக் கிளம்பியது. ஜப்பான் போரில் இறங்கியதும் இலக்கு மாறியது. அதன் ஒரு பகுதியான 53ஆவது பிரிகேடை மவுன்ட் வெர்னன் என்ற கப்பல் ஜனவரி 13 அன்றே சிங்கப்பூரில் இறக்கிவிட்டது. வாரக்கணக்கில் கடலில் கிடந்து உடம்பு தளர்ந்துபோன பிள்ளைகள், காட்டுச் சண்டை என்றால் என்னவென்றே அறியாதவர்கள், சில நாட்களிலேயே மலாயாவின் தென்முனையான ஜோகூர் களத்தில் நின்றார்கள். மிச்சமிருந்த பெரும்பகுதி பம்பாயில் இறங்கிக் காத்திருந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஜனவரி 21 அன்று, சிங்கப்பூரை இனிக் காப்பாற்ற முடியுமா, துறைமுகத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் படையை பர்மாவுக்குத் திருப்பிவிடலாமா என்று சர்ச்சிலே தன் தளபதிகளிடம் கேட்டிருக்கிறார். சேதி ஆஸ்திரேலியாவுக்கு எட்டியது. சிங்கப்பூரைக் கைவிடுவது மன்னிக்க முடியாத துரோகம் என்று பிரதமர் கர்ட்டினிடமிருந்து தந்தி வந்தது. ஆஸ்திரேலியாவின் சொந்தப் படை மலாயாவில் நின்றுகொண்டிருந்தபோது அவர் வேறென்ன சொல்வார்? லண்டனால் அதைத் தட்ட முடியவில்லை. அதே வாரத்தில் பம்பாயிலிருந்து கப்பல்கள் கிளம்பின. தளபதிகளே தீர்மானிக்கத் தடுமாறிய ஒன்றுக்கு வேக்ஃபீல்டின் கேப்டனிடம் கணக்குக் கேட்பது நியாயமாகப் படவில்லை.

அவருடைய வேலை ஆட்களை உயிரோடு கொண்டுசேர்ப்பது. சேர்த்தார். ஜனவரி 29 அன்று வேக்ஃபீல்டும் கான்வாயின் இன்னொரு துருப்புக் கப்பலான வெஸ்ட் பாயிண்டும் சிங்கப்பூரின் கெப்பல் துறைமுகத்துக்கு வந்து படையை இறக்கின. மறுநாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. ஒரு குண்டு வேக்ஃபீல்டின் மேல்தளங்களைத் துளைத்துக்கொண்டு போய் மருத்துவக்கூடத்தில் வெடித்தது. மாலுமிகள் ஐந்து பேர் செத்தார்கள். காயம்பட்டவர்களைப் பார்க்க வேண்டிய இடமே தரைமட்டமாகிவிட்டதால் வெஸ்ட் பாயிண்டிலிருந்து டாக்டர்களும் உதவியாளர்களும் ஓடிவந்தார்கள். அதே நிலையில், ஊரைவிட்டுத் தப்பும் பெண்களையும் குழந்தைகளையும் நூற்றுக்கணக்கில் ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பியது. அவர்களைப் பம்பாயில் இறக்கிவிட்டது. நீங்கள் இந்தப் பாதியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஜனவரி 31 அன்று, சிங்கப்பூரை மலாயாவோடு இணைத்த ஜோகூர் பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 15 அன்று சரணடைதல். டிவிஷனின் தளபதி பெக்வித்-ஸ்மித் அதே ஆண்டு ஃபார்மோசாவில் (இன்றைய தைவான்) சிறையிலேயே தொண்டை அடைப்பான் வந்து இறந்தார். அவருடைய வீரர்களில் பலர் சயாம்–பர்மா ரயில்பாதையில் மடிந்தார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தொழிலாளர்களும் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். கைதிகளாவது ஒரு படையின் பெயர்ப் பட்டியலில் இருந்தார்கள். இவர்களுக்கு அதுவும் கிடையாது.

ஒரு பயணத்தை வைத்துக் கப்பலை எடைபோடுகிறீர்கள் என்பது என் இன்னொரு குறை. 1942 செப்டம்பர் 3 மாலை, பிரிட்டனிலிருந்து நியூயார்க் திரும்பும் வழியில் வேக்ஃபீல்டில் தீப்பிடித்தது. எதிரி யாரும் இல்லை, தானாகப் பிடித்த தீ. கூடவே வந்த குரூசரும் நாசகாரிகளும் நெருங்கி நின்று, கப்பலில் இருந்த சுமார் 1,500 பேரையும் ஏற்றிக்கொண்டன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. பல நாள் எரிந்த கூட்டை ஹாலிஃபாக்ஸுக்கு இழுத்துப்போய்க் கரையேற்றினார்கள். வேறு காலமாக இருந்தால் பழைய இரும்புக்குப் போயிருக்கும். கப்பலுக்கு அவ்வளவு தட்டுப்பாடு என்பதால் பாஸ்டனில் வைத்து மறுபடி கட்டினார்கள். 1944 பிப்ரவரியில் அது திரும்பவும் கடற்படையில் சேர்ந்தது.

அப்புறம்தான் அதன் உண்மையான உழைப்பு. வேகமான கப்பல் என்பதால் பெரும்பாலும் காவல் இல்லாமல், வளைந்து வளைந்து தனியாகவே ஓடியது. லிவர்பூலுக்குப் போய்ப்போய் அலுத்த மாலுமிகள் ‘பாஸ்டன்–லிவர்பூல் படகு’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். போகும்போது புது வீரர்கள், வரும்போது காயம்பட்டவர்களும் ஜெர்மன் போர்க்கைதிகளும். கடற்படைக் கணக்கின்படி மொத்தம் 2,17,237 பேர். பீரங்கி சுடவில்லை என்பது இருக்கட்டும், சுடுகிற வேலை அதற்குக் கொடுக்கப்படவே இல்லை. இத்தனை பேரை நீர்மூழ்கிகளின் கடலில் கொண்டுபோய்க் கொண்டுவந்ததை நான் போர்ச்சேவை என்றுதான் சொல்வேன்.

1946 ஜூனில் பணியிலிருந்து விடுவித்து ஹட்சன் ஆற்றில் கட்டிப்போட்டார்கள். அது மறுபடி பயணிக் கப்பலாகவில்லை. 1960களில் உடைத்தார்கள். கூட வந்த வெஸ்ட் பாயிண்டின் பிற்காலம் இதைவிடச் சுவையானது. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றி, கடைசியில் தாய்லாந்தில் ஹோட்டலாக ஆக்க இழுத்துப்போகும்போது 1994இல் கேனரித் தீவுகளில் தரைதட்டியது. அதை எழுதினால் இந்தப் பதில் முடியாது, தனியாக எழுதுகிறேன்.