கை ஊன்றி விழுந்தேன், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. வயது 44. காய் பறிக்கும்போது வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி நிற்கவில்லை. அதே கையைத் தூக்கினால் தோளும் வலிக்கிறது. சுளுக்கு வழித்து, புத்தூர் கட்டு போடலாம் என்கிறார்கள் வீட்டில். போகலாமா?

பதில்: வேண்டாம். முதலில் இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள்.

கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்கினால், அதன் அடியில் மணிக்கட்டு ஓரமாக நரம்பு போல இரண்டு தசைநார் புடைத்து நடுவில் ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியை மறுகை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது, அங்கே இருப்பது முந்திரிப் பருப்பு போல வளைந்த ஸ்கேஃபாய்டு எலும்பு. மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் அதிகம் உடைவது இதுதான், அதுவும் மெல்லிய விரிசல் என்றால் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும், 10 முதல் 14 நாள் கழித்து எடுத்தால் பல நேரம் தெரிந்துவிடும். அப்போதும் தெரியாமல் வலி மட்டும் இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் நுழைகிறது. நடுவில் உடைந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகலாம். விலகாத முறிவுக்கு மாவுக்கட்டு போதும், 6 முதல் 12 வாரம் ஆகும். விலகியிருந்தால் ஸ்க்ரூ. கவனிக்காமல் விட்டால் எலும்பு சேராமல், சில வருடத்தில் மூட்டு தேய்ந்து, மண்வெட்டி பிடிக்கக்கூட கை வலிக்கும். விரிசல் மேல் எண்ணெய் போட்டு வழித்தால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள்.

தோளுக்கும் ஒரு எக்ஸ்ரே வேண்டும். அதில் முறிவு இல்லை, இன்னொருவர் தூக்கினால் கை மேலே போகிறது, நீங்களாகத் தூக்க முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம், நாற்பதுக்கு மேல் விழுந்தவர்களிடம் இது சகஜம். சும்மா வலி மட்டும்தான் என்றால் வாரக்கணக்கில் கையைத் துணியில் தொட்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிடாதீர்கள், தோள் இறுகிவிடும்.

அப்புறம், எந்தக் கட்டானாலும் சரி, நாங்கள் போடும் மாவுக்கட்டும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: விரல் மரத்துப்போனாலோ, வெளுத்தாலோ நீலமானாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். ரத்தம் ஓடாத தசை சில மணி நேரத்தில் செத்துவிடும்.

அடுத்த எக்ஸ்ரே எடுக்கும்வரை கட்டைவிரலும் சேர்ந்து அசையாதபடி ஒரு பட்டை போட்டுக்கொள்ளுங்கள், மாங்காய்க் கூடை தூக்காதீர்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய எக்ஸ்ரே ஃபிலிமையும் கொண்டுபோங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விரிசல் சட்டென்று பிடிபடும்.