வராத படபடப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று மாதங்களாக ஓர் உளவியலாளரிடம் சிகிச்சைக்குச் செல்கிறேன். மனச்சோர்வு, பேனிக் டிஸார்டர் (திடீரெனக் கடும் பீதி தாக்கும் பதற்றக் கோளாறு) என இரண்டையும் என் கோப்பில் எழுதியிருக்கிறார். ஒருவருக்கே இரண்டு என்றால் நிலைமை முற்றிவிட்டதா? லிஃப்டையும் கூட்டத்தையும் தவிர்க்கத் தொடங்கியபின் படபடப்பு வருவதே இல்லை. சிகிச்சையை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

முற்றவில்லை. உளச்சிகிச்சைக்கு வெளிநோயாளிகளாக வரும் பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுபவை மனச்சோர்வும் பதற்றக் கோளாறுகளும்தான்; இரண்டும் சேர்ந்து வருவதும் வழக்கமே. பேனிக் டிஸார்டர் என்ற தனிப்பெயரே 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஏறியது. பெயர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

என்னை எழுதவைத்தது உங்கள் கடைசி வரி. லிஃப்டில் ஏறாதவருக்கு லிஃப்டில் படபடப்பு வராததைக் குணமென்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? போகும் இடங்களை ஒவ்வொன்றாகத் துறந்துகொண்டே வருபவருக்குச் சோர்வு வராமல் வேறென்ன வரும்? நானும் இதே மடமையில் இரண்டு ஆண்டுகள் கிடந்தவன் என்பதால்தான் கடிந்துகொள்கிறேன். என் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். அதில் ஒன்றைக்கூட நான் விழுங்கியதில்லை. ஆனால் விரல் பட்டுப் பட்டு அதன் வெள்ளித்தாளில் இருந்த எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. கூட்டத்திலிருந்து பத்திரமாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அட்டை இருந்ததால் பிழைத்தேன் என்றே மனம் கணக்கெழுதியது. படபடப்பு சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே தணியும் என்பதைக் கண்டறிய நான் அதற்கு ஒருமுறையும் வாய்ப்பளிக்கவில்லை.

உடலின் சாதாரண மாற்றங்களைப் பேராபத்தின் அறிகுறிகளாகப் பொருள்கொள்வதுதான் பேனிக்கின் வேர் என்று 1986இல் பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் விளக்கினார். இதை எனக்குப் புரியவைத்தது என் சிகிச்சையாளர் நீட்டிய ஒரு மெல்லிய உறிஞ்சுகுழாய். அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தக் குழாய் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னார். நெஞ்சு அடித்துக்கொண்டது, நெற்றி வியர்த்தது. அந்த அம்மையாரோ கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல், "இன்னும் இருபது நொடி" என்றார். மாரடைப்பு என்று நான் அஞ்சி ஓடிய அதே துடிப்பை என் கையாலேயே உண்டாக்கி, அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இதை நீங்கள் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். இதயப் பரிசோதனை ஆகவில்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். பிறகு எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியை அப்படியே உங்கள் உளவியலாளரிடம் சொல்லுங்கள். அவருடைய அறைக்கு இத்தனை நாளும் படியேறித்தான் போனீர்கள் என்றால், அதையும் மறைக்காதீர்கள்.